நகை, முதியோர், குதிரை: மூன்றையும் படமெடுக்கும் சுயாதீனப் படப்பிடிப்பாளர் ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டுமா?

கேள்வி: கொக்குவிலான்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாண நகரில் ஒரு ஸ்ரூடியோவில் சம்பளத்துக்குத் திருமணங்களையும் சாமத்திய வீடுகளையும் படமெடுத்துக்கொண்டிருந்த நான், அந்த வேலையிலிருந்து விலகி இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன். வருமானம் ஓரளவுக்கு வருகிறது. ஆனால், வருகின்ற வேலைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக இருப்பதுதான் என் குழப்பம்.

கஸ்தூரியார் வீதியில் உள்ள ஒரு நகைக்கடைக்காகத் தாலிக்கொடி, அட்டியல், காப்பு ஆகியவற்றை இணையத்தில் காட்டுவதற்குப் படமெடுக்கிறேன். பனையோலைப் பெட்டிகள் இழைக்கும் பெண்கள் குழு ஒன்று, வெளிநாட்டுக் கொள்வனவாளருக்கு அனுப்பத் தங்கள் பொருட்களின் படங்களைக் கேட்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் பிள்ளைகள், ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையரை வீட்டுக்கே சென்று நல்லபடி ஒரு படம் எடுத்துத் தருமாறு கேட்கிறார்கள். நாளை முப்பத்தோராம் நாள் நினைவு நூலான கல்வெட்டில் அடையாள அட்டைப் படத்தைப் போட வேண்டிய நிலை வரக்கூடாது என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை; எனக்கும் அவர்களுக்கும் அது விளங்கும். இவற்றுக்கு இடையில், எவரும் கேட்காமலே நெடுந்தீவுக் குதிரைகளை ஒரு தொடராக எடுத்து வருகிறேன். போதாக்குறைக்கு, ஆடு வளர்க்கும் ஒருவர் தமது ஜமுனாபாரிக் கிடாய்களை முகநூலில் விற்பனைக்குப் போடுவதற்குப் படமெடுத்துத் தருமாறு அண்மையில் கேட்டிருக்கிறார்.

ரொறன்ரோவில் படப்பிடிப்புத் தொழிலில் இருக்கும் என் மைத்துனர், ஒரு துறையைத் தெரிந்தெடுத்து மற்றவற்றைக் கைவிடாவிட்டால் எவரும் என்னை மதிக்க மாட்டார்கள் என்கிறார். என்னிடம் ஒரு கமராவும், 50 மில்லிமீற்றர் லென்ஸும், சிறு பொருட்களை மிக நெருங்கி எடுக்கும் 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸும் மட்டுமே உள்ளன. விலங்குகளுக்காகக் கடன்பட்டு நீண்ட லென்ஸ் வாங்கலாமா? எல்லா வேலைகளையும் ஒரே தொகுப்பில் காட்டலாமா? இன்னுமொன்று: நகைக்கடைக்கு நான் கொடுத்த படங்களை, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், நாட்காட்டி அச்சிடுபவர் ஒருவருக்குக் கடைக்காரர் கொடுத்துவிட்டார். இதற்கு நான் மேலதிகப் பணம் கேட்க முடியுமா?

பதில் 1: வெளிச்சக்கூடு

உங்கள் மைத்துனர் சொல்வது ரொறன்ரோவுக்குச் சரி. அங்கே ஒரு நிறுவனம் கைக்கடிகாரத்தை எடுப்பதற்கு ஒருவரையும் அதை அணிந்த கையை எடுப்பதற்கு வேறொருவரையும் அமர்த்தக்கூடிய அளவுக்குச் சந்தை பெரியது. யாழ்ப்பாணத்தில் உங்களைத் தேடி வருவது துறையன்று, குடும்பம். இன்று நகைக்கு உங்களை அழைக்கும் கடைக்காரர் நாளை தமது தாயாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கும், மறுவருடம் மகளின் சாமத்திய வீட்டுக்கும் உங்களையே அழைப்பார். நீங்கள் நகை மட்டுமே எடுப்பவர் என்று அறிவித்துவிட்டால், அந்த வீட்டின் மற்ற வேலைகள் உங்கள் பழைய ஸ்ரூடியோவுக்குப் போகும். அதன்பின் சிறிது காலத்தில் நகையும் அங்கேயே போகும்.

பலவகைப் பொருட்களை எடுத்தால் மதிப்புக் குறையும் என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் (1900–1944) சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். அவரது கமரா மனித உடலையும் அசையாப் பொருட்களையும் கிராமத்து வாழ்க்கையையும் ஒரே அக்கறையோடு பார்த்தது. அமெரிக்கரான இர்விங் பென் நவநாகரிக உடைகளையும், சிகரெட் துண்டுகளையும், விலங்குகளின் மண்டையோடுகளையும் எடுத்தவர். எதை எடுத்தாலும் அது அவர் எடுத்தது என்று தெரியும்.

தொகுப்பைப் பொறுத்தவரை, பொதுப் பக்கம் ஒன்றில் எல்லாவற்றிலும் மிகச் சிறந்த சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விலை கேட்டு வருபவருக்கு அவருடைய தேவைக்குரிய படங்களை மட்டும் தனியாக அனுப்புங்கள். நகைக்கடைக்காரர் குதிரையைப் பார்த்து ரசிப்பார், பிறகு விலையைக் குறைத்துக் கேட்பார்.

இனி, பொருட்களைப் பற்றி. நகை எடுக்கும்போது நீங்கள் உண்மையில் எடுப்பது நகையையன்று, நகைக்குள் தெரியும் அறையையே. மினுக்கிய பொன்னின் வளைந்த பரப்பில் உங்கள் சட்டை, கமரா, யன்னல், மின்விசிறி எல்லாமே விழும். ஆகவே நகை எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்து, அதற்கு முன்னால் வெள்ளைப் பரப்பை வைக்க வேண்டும். முழுவதும் வெள்ளையாக இருந்தால் தாலிக்கொடியின் முறுக்குகள் ஒன்றோடொன்று கலந்து மஞ்சள் நூல்போலத் தோன்றும். படச் சட்டத்துக்குச் சற்று வெளியே இரு பக்கமும் ஒடுங்கிய கறுப்பு அட்டைகளை நிறுத்துங்கள்; ஒவ்வொரு கண்ணியின் ஓரத்திலும் மெல்லிய கருங்கோடு விழுந்து முறுக்குத் தனித்தனியாக எழும்.

ஒளியைப் பரப்புவதற்கு வேட்டியைக் கட்டுபவர்கள் நம்மூரில் நிறையப் பேர். அதில் தவறில்லை. ஆனால் நீலம் போட்டுத் துவைத்த வேட்டியினூடாக வரும் ஒளி நீலச்சாயலோடுதான் வரும், பொன் சோபையிழந்து பச்சை தட்டும். கடைக்குச் சென்றுதான் எடுக்க வேண்டும் என்றால், கூரை விளக்குகளை அணைத்துவிட்டு உங்கள் ஒரே வகை விளக்கை மட்டும் வைத்து, சாம்பல் அட்டையைக் கொண்டு, நிறங்கள் உள்ளபடி விழுவதற்கான வெண்மைச் சமநிலையைக் கமராவில் அமையுங்கள். கடைக்காரர் பொன்னின் நிறத்தில் ஒரு சொட்டு வித்தியாசத்தையும் கண்டுபிடிப்பார். அதை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார்.

உங்கள் மக்ரோ லென்ஸில் உருவை இயல்பளவில், அதாவது ஒன்றுக்கு ஒன்றாக, எஃப் 11 துவாரத்தில் எடுத்தால், முழுச்சட்டக் கமராவில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவு. துவாரத்தை எஃப் 22 வரை ஒடுக்கினால், ஒடுங்கிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் முழுப்படமுமே மழுங்கும். குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களை எடுத்து மென்பொருளில் ஒன்றாக அடுக்குவதே வழி. பிரதிபலிப்பைக் குறைப்பதற்கு லென்ஸின் முன்னால் பொருத்தும் முனைவாக்கு வடிகட்டி (போலறைசர்) வாங்கும் எண்ணம் இருந்தால், அது பனையோலையின் பளபளப்புக்கும் கண்ணாடிக்கும் உதவும், வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பில் பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதை அறிந்துகொண்டு வாங்குங்கள்.

பதில் 2: விறாந்தை

தம்பி, முதியோரைப் படமெடுக்கும் வேலையை நீங்கள் பட்டியலின் நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். என் அபிப்பிராயத்தில் உங்கள் தொழிலின் முதுகெலும்பு அதுதான். நகைக்கடைக்காரர் அடுத்த வருடம் கைத்தொலைபேசியாலேயே எடுக்கத் தொடங்கலாம். தாயின் படத்தை எந்தப் பிள்ளையும் அப்படி விட்டுவிடுவதில்லை.

அவர்களை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிவர வேண்டாம். நம் பழைய வீடுகளில் விறாந்தை இருக்கிறதே, அதைவிட நல்ல ஸ்ரூடியோ கிடையாது. உச்சி வெளிச்சத்தைக் கூரை மறைக்கிறது. முற்றத்து மணலில் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து வந்து கண்குழிகளை நிரப்புகிறது. கதிரையை விறாந்தையின் விளிம்புக்கு இழுத்து, முகம் முற்றத்தை நோக்கியிருக்குமாறு அமர்த்துங்கள். மாமரத்தடி குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் இலைகளினூடாக வரும் ஒளி முகத்தில் பச்சையைப் பூசிவிடும்.

யன்னலோரம் எடுப்பதானால், வடக்கு யன்னலில் நேர்வெயில் ஒருபோதும் வராது என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை இங்கே அப்படியே நம்பக்கூடாது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ வட அகலாங்கு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி உச்சிக்கு வரும் சூரியன், அதன்பின் ஓகஸ்ட் இறுதி வரையில் நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் மென்மையான ஒளி வேண்டுமென்றால் நண்பகலில் தெற்கு யன்னலுக்குப் போக வேண்டும்.

ஐயாமாரை எடுக்கும்போது ஒரு விடயத்தை அவசியம் கவனியுங்கள். கறுத்த நெற்றி, அதில் மூன்று குறியாகத் திருநீறு, கீழே வெள்ளை வேட்டி. கமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவர முயலும். வேட்டி சட்டத்தில் அதிகமாக விழுந்தால் முகம் இருண்டுபோகும், முகத்துக்கு அளந்தால் வேட்டியும் திருநீறும் வெந்து வெளுத்துவிடும். பிளாஷை நேராக அடித்தால் முதலில் பறிபோவது திருநீறுதான். கோடுகள் கலைந்து நெற்றியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். முகத்துக்கு அளந்து, திருநீற்றின் விவரம் அழியாத எல்லை வரைக்கும் ஒளியைக் குறைத்து, கமரா சுருக்காமல் சேமிக்கும் றோ (RAW) கோப்பாக எடுத்து, முகத்தைப் பின்னர் உயர்த்துங்கள். மூக்குக்கண்ணாடி அணிந்தவரிடம் கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், கழற்றினால் அது அவர் முகமே அல்ல. காதுப்பக்கக் கம்பியைச் சற்று உயர்த்திவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சரிந்து பிரதிபலிப்பு விலகும்.

வெளிச்சக்கூடு அவர்கள் இர்விங் பென்னைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்கிறேன். அவர் 1950இலும் 1951இலும் பாரிஸ், லண்டன், நியூயோர்க் நகரங்களில் சாதாரணத் தொழிலாளர்களை வேலை உடையிலேயே, தத்தம் கருவிகளோடு வரவழைத்து, வெறுமையான திரைக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் எடுத்தார். கருவியைக் கையில் பிடித்தவுடன் அவர்களுக்குக் கையை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. நீங்கள் எடுக்கும் முதியோரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வேலை செய்தவர்கள்தாம். ஓய்வுபெற்ற தையற்காரரிடம் அவருடைய கத்தரிக்கோலையும், பாட்டியிடம் அவருடைய பாக்குவெட்டியையும் கொடுத்துப் பாருங்கள். நகைக்காக நீங்கள் கற்ற ஒளியமைப்பு அந்தக் கத்தரிக்கோலுக்கும் உதவும். பிள்ளைகள் அனுப்பும் பட்டுச்சேலையோடு ஒரு படம், வீட்டுச் சேலையோடு ஒரு படம் என்று எப்போதும் இரண்டையும் எடுங்கள். பணம் தருபவர் முதலாவதைக் கேட்பார், சுவரில் மாட்டுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

பதில் 3: கச்சேரியடி

நாட்காட்டி பற்றிய கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்லன், அச்சுத் தொழிலில் இருப்பதால் இதைத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

இலங்கையில் இதற்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படத்தை எடுத்தவரே ஆக்கியோன், அவருடைய வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு என்பது பொது விதி. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்து கொடுத்த ஆக்கத்தின் பொருளாதார உரிமைகள், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இணங்கியிருந்தாலொழிய, வேலையைக் கொடுத்தவருக்கே முதலில் உரியவை. உங்களுக்கும் கடைக்காரருக்கும் எழுத்தில் எதுவும் இல்லையென்றால், அவர் படத்தை நாட்காட்டிக்காரருக்குக் கொடுத்ததில் பணம் கேட்பதற்கு உங்கள் பக்கம் வலு குறைவு. உங்கள் பெயரைக் குறிப்பிடுமாறு கேட்கும் தார்மிக உரிமை உங்களிடமே இருக்கிறது. நாட்காட்டியில் பெயர் வருவது பணத்தைவிட உங்களுக்குப் பயன்படலாம்.

இதனால் உங்கள் வேலைகள் பொருள், மனிதர், விலங்கு என்று பிரிவதைவிட, பிறர் கேட்டுச் செய்தவை, நீங்களாகச் செய்தவை என்று பிரிவதே முக்கியம். குதிரைகள் முழுக்க உங்களுடையவை. அவற்றை எத்தனை பேருக்கும் பயன்பாட்டு உரிமம் மட்டும் கொடுத்து மீண்டும் மீண்டும் விற்கலாம். நகைப்படங்கள் அப்படியல்ல. ஆகவே அடுத்த தடவை விலைக்கூற்று அனுப்பும்போது இரண்டு வரி சேருங்கள்: எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று ஒன்று, வேறு பயன்பாட்டுக்கு முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும் என்று இன்னொன்று. கடைக்காரர் அதில் ஒப்பமிட்டால் போதும், முத்திரை ஒட்டிய பத்திரம் தேவையில்லை.

விலையையும் ஒரே முறையில் வைக்க வேண்டாம். நகைக்கும் பெட்டிக்கும் உருப்படிக் கணக்கில் கேட்கலாம், ஏனெனில் ஒளியை ஒருமுறை அமைத்துவிட்டால் அடுத்தடுத்த உருப்படிகள் விரைவாக முடியும். முதியோருக்கு உருப்படிக் கணக்கு வைத்தால் நீங்கள் அவசரப்படுவீர்கள். அங்கே அமர்வுக்கு ஒரு தொகை வையுங்கள்.

கொக்குவிலான்

மூவருக்கும் மிக்க நன்றி. நீலம் போட்ட வேட்டியைப் பற்றி வாசித்ததும், அறையில் தொங்கும் வேட்டியை இறக்கிவிட்டேன். விலைக்கூற்றில் அந்த இரண்டு வரிகளையும் சேர்க்கிறேன். நீண்ட லென்ஸ் விடயத்தில் மட்டும் இன்னும் முடிவில்லை. அரியாலைப் பக்கமும் சுண்டிக்குளத்திலும் பறவைகளை எடுக்கும் ஆசையும் இருக்கிறது.

பதில் 4: தீவகத்தான்

மற்றவர்கள் எல்லாம் ஊக்கம் கொடுத்துவிட்டார்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். கடன்பட்டு லென்ஸ் வாங்காதீர்கள். விலங்குகள் இங்கே வருமானம் தரும் துறையன்று; நகையும் முதியோரும் உழைத்துத் தருவதைச் செலவழிக்கும் துறை. அதற்காக அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை.

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு 50 மில்லிமீற்றர் போதாது, 400ம் தேவையில்லை. அந்தத் தீவின் பெருமை குதிரையின் முகத்தில் மட்டும் இல்லை. வெட்டவெளிப் புல்தரை, முருகைக்கல் அடுக்கிய வேலிகள், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கே வாழும் ஒரு கூட்டம், இவை எல்லாம் ஒரே சட்டத்தில் இருந்தால்தான் அது நெடுந்தீவு. முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் அது எந்த நாட்டுக் குதிரையாகவும் இருக்கலாம். உங்கள் 100 மில்லிமீற்றரையே எடுத்துக்கொண்டு, வரட்சிக் காலத்தில் அவை தண்ணீருக்கு வரும் இடத்துக்கு முன்கூட்டியே போய், காற்று அவற்றின் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசும்படியான இடத்தில் தரையில் இருந்துவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் துரத்தி, ஓடும் குதிரையை எடுத்துவிட்டுப் பெருமைப்படுபவர்களை அங்கே அடிக்கடி காண்கிறேன். தண்ணீர் தட்டுப்பாடான மாதங்களில் ஒரு குதிரையை வீணாக ஓட வைப்பது சிறிய விடயமன்று. காதுகள் இரண்டும் உங்கள் பக்கம் திரும்பி, மேய்ச்சல் நின்றுவிட்டால் நீங்கள் வேண்டிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்கி இருந்தால், அவையே மறுபடியும் தலையைக் குனியும்.

பறவைகளுக்கு நீண்ட லென்ஸ் இன்றியமையாததுதான், ஆனால் முதலில் எவரிடமாவது வாடகைக்கோ இரவலாகவோ வாங்கி ஒரு பருவம் பார்த்துவிடுங்கள். கடல்நீரேரியில் வெயில் ஏறியதும் சேற்றுப்பரப்பிலிருந்து கானல் எழும்பும். எத்தனை இலட்சம் ரூபாய் லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பூநாரை அலையும் உருவமாகத்தான் விழும். அது லென்ஸின் கோளாறு என்று நினைத்து விற்றவர்களும் உண்டு. விடியற்காலை ஒளியில் மட்டும் வேலை செய்யுங்கள், பறக்கும் பறவைக்குச் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமான மூடுவேகம் வேண்டும்.

சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. நெடுந்தீவிலும் அதே ஆண்டில் தேசியப் பூங்கா பிரகடனமானது. விற்பனைக்காகப் படமெடுப்பதானால் போவதற்கு முன்னரே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். ட்ரோனுக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தனி. அனுமதி கிடைத்தாலும் பூநாரைக் கூட்டத்துக்கு மேலே அதை ஏற்ற வேண்டாம். கூட்டம் முழுவதும் எழும்பும் காட்சி முகநூலில் நன்றாகத்தான் இருக்கும், இரையெடுக்கும் நேரத்தை இழப்பது அவை. படகுப் பயணத்தில் கமராவைப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டிக்குள் வையுங்கள். மாரி மழை காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது இங்கே சாதாரணம்.

பதில் 5: வெளிச்சக்கூடு

தீவகத்தான் சொன்னதில், விலங்குகளால் வருமானமே இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. கொக்குவிலானிடம் ஏற்கெனவே ஒரு வேலை வந்திருக்கிறது, அதை எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துவிட்டோம். அந்த ஆட்டுக்காரர்.

கிடாயை எடுக்கும்போது குதிரையை எடுக்கும் மனத்தோடு போகாதீர்கள், நகையை எடுக்கும் மனத்தோடு போங்கள். வாங்குபவர் அழகைப் பார்ப்பதில்லை. ஜமுனாபாரி என்றால் தொங்கும் நீண்ட காதும் வெளிப்பக்கம் புடைத்து வளைந்த மூக்குத்தண்டும் தெரிய வேண்டும், நான்கு காலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், முதுகுக்கோடு நேராக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். புல்லில் நிறுத்தினால் குளம்பு மறையும், ஆகவே கூட்டிப் பெருக்கிய மண் முற்றத்தில் நிறுத்துங்கள். சுவரின் நிழலில், பக்கவாட்டாக, கமராவை ஆட்டின் தோள் உயரத்துக்கு இறக்கி, ஓரளவு தள்ளி நின்று அந்த 100 மில்லிமீற்றரால் எடுங்கள். கிட்ட நின்று மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குறுகிவிடும். கயிற்றைப் பிடிப்பவர் ஆட்டுக்குப் பின்பக்கம் மறைந்து நிற்க, இன்னொருவர் குழையைத் தலைக்கு நேரே காட்டினால் கழுத்து நிமிரும். உயரம் தெரிவதற்காக ஒரு படத்தில் மட்டும் உரிமையாளரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். முற்பணத்தை மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கிடாய் விற்ற பிறகு தருகிறேன் என்றுதான் சொல்வார்கள்.